பாதி மோடம்

1990களின் கடைசியில் கணினிக் கடைகளில் இரண்டு வகை இன்டர்னல் மோடம் விற்றார்கள். இரண்டுமே மதர்போர்டு ஸ்லாட்டில் செருகும் கார்டுதான். இரண்டுக்கும் பின்புறம் தொலைபேசி ஒயர் மாட்டத் துளைகள் உண்டு. இரண்டின் பெட்டியிலும் 56கே என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கும். விலை மட்டும் மிகவும் வேறுபடும். கார்டைக் கையில் எடுத்துப் பார்த்தால் காரணம் தெரிந்துவிடும். விலை கூடிய கார்டில் சிறிதும் பெரிதுமாகச் சில்லுகள் நெருக்கியடித்து நிற்கும். மலிவான கார்டில் ஒன்றோ இரண்டோ சில்லு, ஒரு ரிலே, ஒரு குட்டி டிரான்ஸ்ஃபார்மர், சில கெப்பாசிட்டர்கள். மீதி இடமெல்லாம் வெறும் பச்சைப் பலகை.

விண்டோஸில் இரண்டும் ஒன்றுபோல் வேலை செய்தன. லினக்ஸில் விலை கூடியது பேசியது. மலிவானது வாயே திறக்கவில்லை. கார்டில் பழுதில்லை, ஸ்லாட்டில் பழுதில்லை, தொலைபேசி இணைப்பும் சரியாகத்தான் இருந்தது. அந்தப் பச்சைப் பலகையில் காணாமல் போனவை எங்கே போயின, யூனிக்ஸ் வகைக் கணினிகளில் அவற்றை எப்படி மீட்டார்கள் என்பதைத்தான் இந்த அத்தியாயத்தில் பார்க்கப் போகிறோம்.

அதற்கு முன், மோடம் செய்யும் வேலை எவ்வளவு பெரியது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

தொலைபேசிக் கம்பி குரலுக்காக இழுக்கப்பட்டது. பேச்சு புரிவதற்கு 300 ஹெர்ட்ஸிலிருந்து 3400 ஹெர்ட்ஸ் வரை போதும் என்று கணக்கிட்டு, மேலும் கீழும் உள்ளதைப் பொறியாளர்கள் வடிகட்டிவிட்டார்கள். கணினியின் பூஜ்யங்களும் ஒன்றுகளும் இந்த 3100 ஹெர்ட்ஸ் அகலத்துக்குள் ஒலியாக மாறிப் போய்ச் சேர வேண்டும். 1962இல் ஏடி அண்ட் டி வெளியிட்ட பெல் 103 மோடம் இதை மிக எளிமையாகச் செய்தது. அழைப்பவர் 1070 ஹெர்ட்ஸில் ஒலித்தால் பூஜ்யம், 1270இல் ஒலித்தால் ஒன்று. எதிர்முனைக்கு 2025, 2225. இருவருக்கும் தனித்தனிச் சுரங்கள் இருந்ததால் ஒரே நேரத்தில் இருவரும் பேசலாம். வேகம் விநாடிக்கு 300 பிட், அதாவது ஏறக்குறைய 30 எழுத்துகள்.

வேகத்தைக் கூட்ட வேண்டுமானால் இந்தப் பங்கீடு கட்டுப்படியாகாது. இருக்கும் அகலமே கொஞ்சம். அதில் பாதியை எதிர்முனைக்கு விட்டுக்கொடுத்தால் மிஞ்சுவது என்ன? 1984இல் வந்த வி.32 என்ற தரம் துணிந்து ஒரு முடிவெடுத்தது. இரண்டு முனைகளும் முழு அகலத்தையும் ஒரே நேரத்தில் பயன்படுத்தட்டும். விநாடிக்கு 2400 குறிகள், குறிக்கு 4 பிட், ஆக 9600 பிட். ஆனால் இதில் ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது. வீட்டிலிருந்து இரண்டு கம்பியாகப் போகும் இணைப்பு எக்ஸ்சேஞ்சில் நான்கு கம்பியாகப் பிரிகிறது. பிரியும் இடத்தில் சமநிலை ஒருபோதும் முழுமையாக இருப்பதில்லை. அதனால் நாம் அனுப்பிய ஒலியில் ஒரு பங்கு நமக்கே திரும்பி வரும், எதிர்முனையிலிருந்து களைத்து வந்து சேரும் ஒலியைவிடப் பல மடங்கு உரக்க.

இந்த எதிரொலியை நீக்கும் முறை எனக்கு மிகவும் பிடித்த பொறியியல் சிந்தனைகளில் ஒன்று. நான் என்ன அனுப்பினேன் என்பது எனக்குத் தெரியும். அது எப்படித் திரும்பும் என்பதுதான் தெரியாது. கம்பிக்குக் கம்பி அது மாறும். ஆகவே ஒரு கணிப்பில் தொடங்கலாம். கணித்த எதிரொலியைக் கேட்ட ஒலியிலிருந்து கழிக்கலாம். கழித்தபின் மிஞ்சும் பிழையைப் பார்த்து, அது குறையும் பக்கமாகக் கணிப்பின் எடைகளை ஒரு சிறு அளவு நகர்த்தலாம். அடுத்த மாதிரி வந்ததும் மறுபடியும் அதையே செய்யலாம். விநாடிக்குப் பல ஆயிரம் முறை இப்படி நகர்த்த நகர்த்த, அந்தக் குறிப்பிட்ட கம்பியின் குணத்தை மோடம் தானே கற்றுக்கொண்டுவிடும். 1960இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பெர்னார்ட் விட்ரோவும் அவருடைய மாணவர் டெட் ஹாஃபும் வெளியிட்ட முறை இது. இன்றைய செயற்கை நரம்பு வலைகள் பயிற்சி பெறும் முறைக்கும் இது முன்னோடி. அந்த டெட் ஹாஃப் பிறகு இன்டெல் நிறுவனத்தில் சேர்ந்து, 1971இல் வெளிவந்த 4004 என்ற முதல் வணிக மைக்ரோபிராசஸரின் வடிவமைப்பில் முக்கியப் பங்கு வகித்தார். மோடத்தின் உள்ளே ஓடும் கணக்கும், பின்னாளில் அந்தக் கணக்கைத் தன் தலையில் ஏற்றிக்கொண்ட பிராசஸரும் ஒரே மனிதரின் வாழ்க்கையில் சந்தித்திருக்கின்றன.

1994இல் வந்த வி.34 இந்தக் கலையின் உச்சம். தொடக்கத்தில் விநாடிக்கு 28,800 பிட், 1996இல் 33,600. மோடம் இணையும்போது எழும் அந்தக் கீச்சொலிகளுக்கும் இரைச்சலுக்கும் அப்போதுதான் முழுப் பொருள் கிடைத்தது. முதலில் வரும் 2100 ஹெர்ட்ஸ் ஒலி, வழியில் உள்ள எக்ஸ்சேஞ்சுகளின் எதிரொலி நீக்கிகளைப் பார்த்து ‘நீங்கள் விலகிக்கொள்ளுங்கள், நாங்களே பார்த்துக்கொள்கிறோம்’ என்று சொல்கிறது. பிறகு 150 ஹெர்ட்ஸிலிருந்து 3750 வரை பல சுரங்கள் ஒன்றாக ஒலிக்கின்றன. எந்தச் சுரம் எவ்வளவு தேய்ந்து வந்தது என்பதை வைத்து மறுமுனை அந்தக் கம்பியை அளந்துவிடும். அதன்பின் எத்தனை வேகத்தில் குறிகளை அனுப்புவது என்று இருமுனையும் பேசி முடிவு செய்கின்றன. நல்ல கம்பியில் விநாடிக்கு 3429 குறிகள் வரை போகும். ஒவ்வொரு குறியும் 1664 புள்ளிகள் வரை கொண்ட ஒரு கட்டத்தில் ஒரு புள்ளியைச் சுட்டும்.

இதற்கு மேல் போவதற்கு அதிக இடமில்லை. ஓர் ஊடகத்தின் அகலமும் அதிலுள்ள இரைச்சலும் தெரிந்தால், பிழையின்றி அதிகபட்சம் எவ்வளவு அனுப்பலாம் என்று 1948இலேயே கிளாட் ஷானன் கணித்துக் காட்டிவிட்டார். 3100 ஹெர்ட்ஸ் அகலமும் நல்ல கம்பியின் இரைச்சல் அளவும் வைத்துப் பார்த்தால் விடை 35,000 பிட்டை ஒட்டி வரும். 1998இல் வந்த வி.90 தரம் 56,000 என்றது. ஷானனை அது மீறவில்லை, கேள்வியை மாற்றிப் போட்டது. எக்ஸ்சேஞ்சுக்குள் குரல் ஏற்கெனவே விநாடிக்கு 8000 எண்களாகத்தான் போகிறது. இணையச் சேவை தருபவர் தன் முனையில் நேரடியாக எண்களாகவே இணைந்துகொண்டால், அனலாக் ஆவது நம் வீட்டுக் கம்பி மட்டும்தான். அந்த 8000 எண்களில் ஒவ்வொன்றிலும் 7 பிட்டை நம்பலாம் என்று வைத்தால் 56,000 வரும். வீட்டிலிருந்து மேலே போகும் பாதைக்கு இந்தச் சலுகை கிடையாது. அங்கே பழைய 33,600தான்.

இப்போது கார்டுக்கு வரலாம். மேலே சொன்ன வேலைகளைச் செய்ய மோடத்துக்குள் நான்கு பகுதிகள் வேண்டும். முதலாவது தொலைபேசிக் கம்பியைத் தொடும் மின்சுற்று. ரிசீவரை எடுப்பதும் வைப்பதும் அதன் ரிலே. கம்பியின் மின்னழுத்தம் கணினிக்குள் ஏறாமல் தடுப்பது அதன் டிரான்ஸ்ஃபார்மர். அடுத்தது ஒலியை எண்ணாக்கி, எண்ணை ஒலியாக்கி, எதிரொலியைக் கழிக்கும் சிக்னல் பிராசஸர். மூன்றாவது கட்டளைகளைப் புரிந்துகொண்டு, பிழை திருத்தி, தரவைச் சுருக்கி நடத்தும் கன்ட்ரோலர். கடைசியாகக் கணினியோடு பேசும் சீரியல் போர்ட். இதற்கான சில்லை யூஆர்ட் என்பார்கள்.

கட்டளை மொழி 1981இலேயே நிலைத்துவிட்டது. டென்னிஸ் ஹேய்ஸின் நிறுவனம் அந்த ஆண்டு வெளியிட்ட ஸ்மார்ட்மோடம், ஏடி என்ற இரண்டு எழுத்தில் தொடங்கும் கட்டளைகளைச் சாதாரண எழுத்துகளாகவே ஏற்றுக்கொண்டது. ஏடி அடித்தால் ஓகே என்று பதில் வரும். ஏடிடிடி என்று அடித்து எண்ணைக் கொடுத்தால் டயல் செய்யும். ஏடிஎச் என்றால் வைத்துவிடும். உலகத்து மோடம் நிறுவனங்கள் எல்லாம் இந்த மொழியை எடுத்துக்கொண்டன.

அதனால் யூனிக்ஸுக்குக் கிடைத்த நன்மை பெரிது. யூனிக்ஸில் கருவிகள் கோப்புகளாகத் தெரியும். முதல் சீரியல் போர்ட் லினக்ஸில் டெவ் அடைவுக்குள் டிடிஒய்எஸ்0 என்ற கோப்பு. அதில் ஏடி என்று எழுதி, அதிலிருந்தே ஓகே என்று படிக்கலாம். முழுமையான இன்டர்னல் மோடம் தன்னை ஒரு சீரியல் போர்ட்டாகவே காட்டிக்கொள்ளும்; அந்தப் போர்ட்டுக்கு அப்பால் இருப்பது மோடமா, அச்சு இயந்திரமா, இன்னொரு கணினியா என்று லினக்ஸின் மையமான கர்னலுக்குத் தெரிய வேண்டியதே இல்லை. இதனால்தான் அந்தக் கால லினக்ஸ் கர்னலில் சீரியல் போர்ட்டுக்கு டிரைவர் இருந்தது. மோடத்துக்கென்று தனியாக ஒன்றும் இல்லை, தேவையும் படவில்லை.

ஆனால் ஐஎஸ்ஏ ஸ்லாட் காலத்தில் அந்தப் போர்ட்டைக் கண்டுபிடிப்பதே ஒரு வேலை. கார்டில் உள்ள ஜம்பர்களை நகர்த்தி, எந்த முகவரி, எந்த இன்டரப்ட் (கருவி கர்னலை அழைக்கும் மணி) என்று நாமே தீர்மானிக்க வேண்டும். முதல் போர்ட்டுக்கு வழக்கமான இன்டரப்ட் 4, இரண்டாவதுக்கு 3. மூன்றாவதுக்கு மறுபடி 4, நான்காவதுக்கு மறுபடி 3. ஐஎஸ்ஏவில் ஒரே இன்டரப்டை இரண்டு கருவிகள் பகிர்ந்துகொள்வது சரிப்பட்டு வராது. முதல் போர்ட்டில் மவுஸும் மூன்றாவதில் மோடமும் இருந்தால் ஒன்று மற்றொன்றை முடக்கிவிடும். ஆகவே மோடத்தை 5 போன்ற ஓர் இன்டரப்டுக்கு ஜம்பரில் மாற்றி, அதை லினக்ஸுக்கு செட்சீரியல் என்ற கட்டளையால் சொல்வார்கள்.

இந்தக் கட்டளையைப் பலர் தவறாகப் புரிந்துகொண்டார்கள். செட்சீரியல் கார்டில் எதையும் மாற்றுவதில்லை. கார்டு எப்படி அமைந்திருக்கிறது என்று கர்னலுக்குத் தகவல் மட்டும் சொல்கிறது. ஜம்பர் 5இல் இருக்க 4 என்று சொல்லிவிட்டால், மோடம் அழைப்பது கர்னல் காதில் விழாது. கர்னல் எப்போதாவது தானாக எட்டிப் பார்க்கும்போதுதான் எழுத்துகள் கிடைக்கும். ஏடி அடித்தால் பல விநாடிகள் கழித்து ஓகே வரும். அந்தத் தாமதத்தைப் பார்த்தவுடனேயே அனுபவப்பட்டவர்கள் இன்டரப்ட் தப்பு என்று சொல்லிவிடுவார்கள். பின்னால் வந்த பிளக் அண்ட் பிளே ஐஎஸ்ஏ கார்டுகளில் ஜம்பரே இல்லை. பிஎன்பிடம்ப் என்ற நிரலால் கார்டு ஏற்கும் அமைப்புகளைப் பட்டியலிட்டு, வேண்டியதைத் தேர்ந்து, ஒவ்வொரு முறை கணினி தொடங்கும்போதும் ஐஎஸ்ஏபிஎன்பி என்ற நிரலால் கார்டுக்கு எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது.

யூஆர்ட் சில்லும் முக்கியம். தரவைச் சுருக்கி அனுப்பும் மோடத்துக்கு ஈடுகொடுக்கப் போர்ட்டை விநாடிக்கு 1,15,200 பிட் வேகத்தில் வைப்பார்கள். அப்படியானால் விநாடிக்கு 11,520 பைட், ஒரு பைட்டுக்கு 87 மைக்ரோ விநாடி. பழைய 8250, 16450 சில்லுகளில் வந்த பைட்டை வைக்க ஓர் இடம்தான். அடுத்தது வருவதற்குள் கர்னல் எடுக்காவிட்டால் பைட் தொலைந்தது. 16550ஏ சில்லில் 16 பைட் வரிசை இருந்தது. 14 பைட் சேர்ந்ததும் ஒருமுறை அழைத்தால் போதும். இன்டரப்டுகள் விநாடிக்கு எண்ணூறு சொச்சமாகக் குறைந்துவிடும். பல வேலைகளை ஒரே நேரத்தில் நடத்தும் யூனிக்ஸுக்கு இந்தச் சிறு வரிசை உயிர்நாடி.

இவ்வளவும் முழு மோடத்தின் கதை. பிசிஐ ஸ்லாட் வந்தபோது, பென்டியம் போன்ற பிராசஸர்களின் வேகத்தைப் பார்த்த நிறுவனங்கள் ஒரு கணக்குப் போட்டன. எதிரொலி கழிப்பதும் பிழை திருத்துவதும் வெறும் கணக்குத்தானே? கணினியில் சும்மா கிடக்கும் பிராசஸரே அதைச் செய்யட்டும். கார்டில் கம்பியைத் தொடும் சுற்று மட்டும் இருந்தால் போதும். இப்படிப் பிறந்தவற்றைப் பொதுவாக வின்மோடம் என்று அழைத்தார்கள். அந்தப் பெயர் யூஎஸ் ரோபாட்டிக்ஸின் வணிகக் குறி. இவற்றிலும் இரண்டு ரகம். லூசன்ட் சில்லு உள்ள கார்டுகளில் பெரும்பாலும் சிக்னல் பிராசஸர் இருக்கும், கன்ட்ரோலர்தான் இருக்காது. பிசிடெல், கோனெக்ஸன்ட் எச்எஸ்எஃப் போன்றவற்றில் சிக்னல் பிராசஸரும் இல்லை. ஒலி எண்களை அப்படியே கணினியிடம் ஒப்படைத்துவிடும்.

பொறியியலாக இது நல்ல முடிவு என்றே நான் நினைக்கிறேன். மோடம் என்பது அடிப்படையில் ஒரு கணக்கு. அதை எங்கே செய்தாலும் விடை ஒன்றுதான். பிழை வேறிடத்தில் இருந்தது. கார்டிலிருந்து எடுத்த பகுதிகளை விண்டோஸ் டிரைவர் கோப்புக்குள் வைத்து, அதன் உள்ளமைப்பை யாருக்கும் சொல்லாமல் பூட்டிவிட்டார்கள். யூஆர்ட் இருந்தபோது மோடத்துக்கும் கணினிக்கும் நடுவே உலகறிந்த ஓர் ஒப்பந்தம் இருந்தது. யூஆர்ட் போனதும் அந்த ஒப்பந்தமும் போயிற்று. லினக்ஸ் பயனர் காசு கொடுத்து வாங்கியது அரை மோடம். மீதி அரை அவருடைய சிடியில் இருந்தும் அவரால் பயன்படுத்த முடியவில்லை.

கையிலிருப்பது எது என்று அறிய எல்எஸ்பிசிஐ என்ற கட்டளை உதவியது. பிசிஐ கார்டு ஒவ்வொன்றும் தன் தயாரிப்பாளர் எண்ணையும் சாதன எண்ணையும் சுமந்து வருகிறது. 12பி9 என்ற தயாரிப்பாளர் எண்ணும் 1008 என்ற சாதன எண்ணும் தெரிந்தால் அது யூஎஸ் ரோபாட்டிக்ஸின் 5610 மாடல். உள்ளே யூஆர்ட் உள்ள முழு மோடம் என்பதால் நிம்மதி. 11சி1 என்றால் லூசன்ட், 14எஃப்1 என்றால் கோனெக்ஸன்ட், 134டி என்றால் பிசிடெல். பெட்டியில் அச்சிட்ட பெயரை நம்பக் கூடாது. ஒரே பெயரில் விற்ற கார்டுகளுக்குள் வெவ்வேறு சில்லுகள் இருந்தன. இந்த எண்களை அலசிச் சொல்லும் நிரல்களைத் தன்னார்வலர்கள் எழுதினார்கள். வின்மோடங்களை லினக்ஸில் ஓட்டும் இந்த முயற்சிக்கு லின்மோடம் என்று பெயரும் வைத்தார்கள்.

லூசன்ட் ஒரு பாதி வழி திறந்தது. டிரைவரின் மையப் பகுதியை மூல நிரல் இல்லாமல், கம்பைல் செய்த ஆப்ஜெக்ட் கோப்பாக மட்டும் கொடுத்தது. அதைச் சுற்றி, கர்னலின் சீரியல் டிரைவரை ஒட்டி எழுதிய ஓர் உறை. உறையின் மூல நிரல் திறந்திருந்தது. நிறுவியதும் டெவ் அடைவில் டிடிஒய்எல்டி0 என்று ஒரு கோப்பு உருவாகும். கர்னல் அதை அடையாளம் காணும் பெரிய எண் 62, சிறிய எண் 64. அதில் ஏடி என்று எழுதினால் ஓகே வரும். அந்த ஓகேயைச் சொல்வது கார்டு அல்ல, கர்னலுக்குள் ஓடும் நிரல். இழந்த யூஆர்ட்டையும் கன்ட்ரோலரையும் மென்பொருளாக மறுபடி கட்டியதால் மற்ற நிரல்களுக்கு வித்தியாசமே தெரியவில்லை.

சிக்கல் ஆப்ஜெக்ட் கோப்பில் இருந்தது. லினக்ஸ் கர்னல் தன் உள் அமைப்புகளை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளும்; 2.2 கர்னல் 1999இலும் 2.4 கர்னல் 2001இலும் 2.6 கர்னல் 2003இலும் வந்தன. மூல நிரல் உள்ள டிரைவரைப் புதுக் கர்னலுக்கு ஏற்பத் திருத்திக்கொள்ளலாம். கம்பைல் செய்த கோப்பு பிறந்த நாளில் உறைந்துவிடும். டிரைவரை மாட்யூலாக ஏற்றும்போது கர்னல் பதிப்பு எண்ணை ஒப்பிட்டு, பொருந்தாவிட்டால் மறுத்துவிடும். இன்ஸ்மாட் கட்டளைக்கு வலுக்கட்டாயம் என்று ஒரு குறி உண்டு. அதைப் போட்டு ஏற்றினால் சில நேரம் வேலை செய்யும், சில நேரம் கணினியே உறைந்து நிற்கும். லூசன்ட் கார்டு வைத்திருந்தவர்களைக் காப்பாற்றியது அந்த உறைதான். உங்கள் கர்னலின் ஹெடர் கோப்புகளைக் கொண்டு உறையை மட்டும் மறுபடி கம்பைல் செய்து, உள்ளே இருக்கும் உறைந்த கோப்போடு இணைக்கும் ஸ்கிரிப்டுகளைத் தன்னார்வலர்கள் ஆண்டுக்கணக்கில் பராமரித்தார்கள்.

முழுவதும் மென்பொருளான மோடங்களுக்குக் கூடுதலாக ஒரு தடை. நேரம். ஒலி விநாடிக்கு 8000 அல்லது 9600 எண்களாக இடைவிடாமல் வந்துகொண்டே இருக்கும். சில மில்லி விநாடிக்கு ஒருமுறை யாராவது வந்து அதைக் கணக்கிட்டு, பதில் ஒலியையும் தந்தாக வேண்டும். அடுப்பில் வைத்த பாலைப் போல, வேறு வேலையில் கொஞ்சம் அதிக நேரம் மூழ்கிவிட்டால் பொங்கிவிடும். ஹார்ட் டிஸ்க் நிரலோ வீடியோ நிரலோ இன்டரப்டுகளைச் சற்று நேரம் நிறுத்தி வைத்தால் இணைப்பு அறுந்தது. அதோடு, லினக்ஸ் கர்னலுக்குள் தசமக் கணக்கு போடுவதை விதி அனுமதிப்பதில்லை. பயனர் நிரல்கள் விட்டுச்சென்ற எண்களைக் கர்னல் கலைத்துவிடக் கூடாது என்பதற்காக.

ஸ்மார்ட் லிங்க் என்ற நிறுவனம் இதற்கு அழகான ஒரு வழி கண்டது. கர்னலுக்குள் ஒலி எண்களைச் சுமந்து வரும் சிறு மாட்யூல் மட்டும். கணக்கு முழுவதும் எஸ்எல்மோடம்டி என்ற வெளி நிரலில். அதற்கு மற்றவற்றைவிட உயர்ந்த முன்னுரிமை தரப்படும். கர்னல் மாறினாலும் அந்த நிரல் மாற வேண்டாம். பின்னாளில் லினக்ஸின் ஒலி அமைப்பான அல்சாவே மதர்போர்டில் இருந்த மோடம் சில்லுகளுக்கு டிரைவர் தந்தபோது, ஸ்மார்ட் லிங்கின் கர்னல் மாட்யூலும் தேவையில்லாமல் போனது. மோடம் ஒருவகைச் சவுண்டு கார்டு, அவ்வளவுதான்.

கோனெக்ஸன்ட் சில்லுகளுக்கான டிரைவரை லினக்ஸன்ட் என்ற நிறுவனம் விற்றது. இலவசப் பதிப்பு 14,400 பிட்டோடு நின்றுவிடும். முழு வேகத்துக்குப் பணம் கட்ட வேண்டும். 2004இல் அந்த டிரைவரில் ஒரு விஷயம் வெளிவந்தது. 2001 முதல் லினக்ஸ் மாட்யூல்கள் தங்கள் உரிமத்தை ஒரு சரமாக அறிவிக்க வேண்டும். ஜிபிஎல் போன்ற திறந்த உரிமம் இல்லையென்றால் கர்னல் தன்னைக் ‘கறைபட்டது’ என்று குறித்துக்கொள்ளும். அதன்பின் எழும் கோளாறுகளை ஆராயக் கர்னல் எழுதுவோர் கடமைப்பட்டவர்கள் அல்லர். லினக்ஸன்ட் டிரைவர் தன் சரத்தில் ஜிபிஎல் என்று எழுதி, அடுத்து ஒரு பூஜ்ய பைட்டை வைத்து, அதற்குப் பிறகு உரிமத்தின் வரம்புகளை எழுதியிருந்தது. சி மொழியில் பூஜ்ய பைட்டோடு சரம் முடிந்துவிடும். கோப்பைத் திறந்து படிக்கும் மனிதருக்கு முழு வாக்கியமும் தெரியும். கர்னலுக்கு ஜிபிஎல் என்பது மட்டும்தான் தெரியும். எச்சரிக்கைச் செய்திகள் திரும்பத் திரும்ப வந்து வாடிக்கையாளரைக் குழப்பக் கூடாது என்று செய்ததாக நிறுவனம் விளக்கம் சொன்னது. எனக்கு அந்த விளக்கம் போதவில்லை. ஒரு கணினி உறையும்போது பழி யாருடைய நிரல் மேல் என்று கண்டுபிடிக்க இருந்த ஓர் அடையாளத்தை அந்த ஒற்றைப் பைட் அழித்தது.

முழுவதும் திறந்த மென் மோடம் ஒன்றை எழுதவும் முயற்சி நடந்தது. பின்னாளில் எஃப்எஃப்எம்பெக், கியூஈமு ஆகியவற்றை உருவாக்கிய பிரெஞ்சு நிரலர் ஃபாப்ரிஸ் பெலார்ட் அதைத் தொடங்கினார். மோடத் தரங்கள் எல்லாருக்கும் கிடைக்கும் ஆவணங்கள்தான். ஆனால் ஒவ்வொரு கார்டின் பதிவேடுகளையும் எட்டும் வழி நிறுவனங்களின் கையில் இருந்தது. அந்த முயற்சி அன்றாடப் புழக்கத்துக்கு வரவில்லை.

போர்ட் கிடைத்து ஓகேயும் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இந்தியாவில் அடுத்த தடை பெரும்பாலும் ‘நோ டயல்டோன்’ என்ற பதிலாக வரும். ரிசீவரை எடுத்துக் கேட்டால் டயல் டோன் தெளிவாகக் கேட்கும். மோடம் மட்டும் இல்லை என்று சாதிக்கும். அமெரிக்க டயல் டோன் 350, 440 ஹெர்ட்ஸ் இரண்டும் சேர்ந்த ஒலி. இந்தியாவினுடையது 400 ஹெர்ட்ஸ், 25 ஹெர்ட்ஸால் ஏற்ற இறக்கம் பெற்றது. அமெரிக்க ஒலியைத் தேடும்படி அமைந்த மோடத்துக்கு நம் ஒலி வெறும் முனகல். ஏடிஎக்ஸ்3 என்ற கட்டளை, டயல் டோனுக்குக் காத்திராமல் டயல் செய், பிஸி ஒலியை மட்டும் கவனி என்று சொல்லும். முறையான வழி, நாட்டுக் குறியீட்டை மாற்றுவது. அமெரிக்காவுக்கு பி5, இந்தியாவுக்கு 53. 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்த பிறகு, எக்ஸ்3 என்ற இரண்டு எழுத்தை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தே நம் ஊரில் பல மோடங்கள் பேசத் தொடங்கின.

மறுமுனை எடுத்து, கீச்சொலிகள் ஓய்ந்து, ‘கனெக்ட்’ என்று வந்தபின் வேலை பிபிபி என்ற நெறிமுறையின் கைக்குப் போகும். மினிகாம் போன்ற நிரலில் இணைப்பைக் கையால் நடத்திப் பார்த்தவர்களுக்கு, பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்ததும் திரையில் கொட்டும் குப்பை நினைவிருக்கும்: ~, }, #, ! என்று குறிகளாக வரும். அது குப்பை இல்லை, பிபிபியின் முதல் வணக்கம். ஒவ்வொரு சட்டகமும் 126 என்ற பைட்டோடு தொடங்கும். எழுத்தாகப் பார்த்தால் அது ~. சிறிய எண்களை வழியிலுள்ள கருவிகள் கட்டளையாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக, அவற்றுக்கு முன் 125 என்ற பைட்டைப் போட்டு, எண்ணில் 32ஐக் கூட்டி அனுப்பும். 125 என்பது }. கட்டுப்பாட்டு எண் 3 இப்படி }# ஆகிறது; ‘நாம் பேச்சு விதிகளை முடிவு செய்யலாமா’ என்று கேட்கும் கோரிக்கையின் எண் 1, }! ஆகிறது. அந்தக் குறிகளைப் பார்த்ததும் மினிகாமை விட்டு வெளியேறி, இணைப்பைத் துண்டிக்காமல் பிபிபிடி என்ற நிரலைத் தொடங்கினால் போதும். அது விதிகளைப் பேசி, அடையாளத்தைச் சரிபார்த்து, ஐபி முகவரியை வாங்கிக்கொள்ளும். அதன்பின் மோடம் கண்ணிலிருந்து மறைந்து, பிபிபி0 என்ற ஒரு வலை இடைமுகம் மட்டும் மிஞ்சும். கேபிபிபி, டபிள்யூவிடயல் போன்ற நிரல்கள் இத்தனையையும் ஒரே பொத்தானுக்குப் பின்னால் செய்தன.

பிராட்பேண்ட் வந்ததும் மோடம் கணினியை விட்டு வெளியேறி, ஈதர்நெட் கம்பிக்கு அப்பால் தனிப் பெட்டியாகிவிட்டது. லூசன்ட், பிசிடெல் டிரைவர்கள் பழைய கர்னல்களோடு நின்றுவிட்டன. ஸ்மார்ட் லிங்கின் நிரல் மட்டும் எதிர்பாராத ஒரு மறுபிறவி எடுத்தது. சில ஆண்டுகளுக்கு முன் பாதுகாப்பு ஆய்வாளர்கள், இன்னும் டயல்-அப்பில் மட்டுமே எட்டக்கூடிய பழைய தொழிற்கருவிகளைப் போன்றவற்றை அழைக்க ஒரு வழி தேடினார்கள். எஸ்எல்மோடம்டியின் ஒலி எண்களைக் கார்டுக்கு அனுப்பாமல், இணையத் தொலைபேசி அழைப்பு ஒன்றுக்குள் செலுத்தினார்கள். மறுமுனை மோடம் எடுத்துப் பேசியது. டி-மோடம் என்று பெயரிட்ட அந்தத் தொகுப்பில் கார்டே கிடையாது. ரிலேயும் டிரான்ஸ்ஃபார்மரும் செய்த வேலையை இணையத் தொலைபேசி நிரலே செய்கிறது. எதிரொலியையும் குறிகளையும் கணக்கிடும் மையப் பகுதி, ஸ்மார்ட் லிங்க் மூல நிரல் இல்லாமல் கொடுத்த அதே 32 பிட் ஆப்ஜெக்ட் கோப்பு.